கெத்தாம் காட்டில் நீலச் சதுரமும் கறுப்பு டைமண்டும்

சாங்கி படகுத்துறையில் 12 பேர் சேர்ந்தால்தான் புலாவ் உபின் தீவுக்குப் படகு கிளம்பும். அந்தச் சனிக்கிழமை காலை ஏழேகால் மணிக்குப் பத்துப் பேர்தான் இருந்தோம். நான், என் அண்ணன் மகன், தூண்டிலோடு வந்த எட்டுப் பேர். பையனுக்குப் பதின்மூன்று வயது. சைக்கிளைப் பிடித்தபடி ஒரே கேள்வியைத் திரும்பத் திரும்பக் கேட்டுக்கொண்டிருந்தான்: "பாதை ரொம்பக் கடினமாக இருக்குமா, அத்தை?" அவனுக்குச் சரியான பதில் சொல்ல என்னிடம் ஒரு தழும்பு இருந்தது.

புலாவ் உபின் சிங்கப்பூரின் பழைய கருங்கல் தீவு. சிங்கப்பூரை மலேசியாவோடு இணைக்கும் கடல்வழிச் சாலையான, 1924இல் திறக்கப்பட்ட ஜோகூர் காஸ்வேக்கு இங்கிருந்து கல் போனது. கல் வெட்டிய பள்ளங்களில் இப்போது பச்சை நிறத் தண்ணீர் நிற்கிறது. அப்படி ஒரு பள்ளம்தான் கெத்தாம். மலாயில் கெத்தாம் என்றால் நண்டு. அதைச் சுற்றியுள்ள காட்டில் 45 ஹெக்டேரில் மலைச் சைக்கிள் பூங்கா அமைத்திருக்கிறார்கள். பாதை பிரியும் இடங்களில் பலகை இருக்கும். நீலச் சதுரம் என்றால் ஓரளவு பழகியவர்களுக்கு. சீட்டுக்கட்டில் வருவது போன்ற கறுப்பு டைமண்ட் என்றால் தேர்ந்தவர்களுக்கு. இரண்டு டைமண்ட் போட்டிருந்தால் வருடக்கணக்கில் ஓட்டியவர்களுக்கு.

மூன்று வருடங்களுக்கு முன் நான் அந்தப் பலகையை மதிக்கவில்லை. நீலப் பாதையை இரண்டு முறை சுற்றி முடித்த தெம்பில் கறுப்பு டைமண்டுக்குள் திரும்பினேன். முந்தைய இரவு மழை பெய்திருந்தது. இறக்கத்தின் நடுவே கை மொத்தத்தில் ஒரு வேர் குறுக்கே கிடந்தது, ஈரத்தில் பளபளத்தது. அதைத் தாண்டிப் பாதையைப் பார்த்திருக்க வேண்டும். நான் வேரையே பார்த்தேன், பயத்தில் முன்சக்கர பிரேக்கை இறுக்கினேன். சக்கரம் நின்றுவிட்டது, நான் நிற்கவில்லை. ஹேண்டில்பாருக்கு மேலாகப் போய் இடது தோள் தரையில் மோத விழுந்தேன். காறை எலும்பில் விரிசல். ஆறு வாரம் கையைத் தூளியில் கட்டிக்கொண்டு இருந்தேன்.

பின்னால் வந்த ஒரு சீனப் பெரியவரை நான் மறக்கவே முடியாது. அறுபது வயதைத் தாண்டியவர். முதலில் என்னைத் தொடவில்லை. தன் சைக்கிளை மேட்டில் பாதைக்குக் குறுக்கே நிறுத்தினார், அடுத்து வருகிறவர்கள் என்மேல் ஏறிவிடக் கூடாதே என்று. பிறகு பையிலிருந்து மாற்று டியூபை எடுத்து, என் கழுத்தில் போட்டு முடிந்து, அதில் கையைத் தாங்கலாக வைத்தார். வாயில் பேச்சே இல்லை. கிராமம்வரை இரண்டு சைக்கிள்களையும் அவரே தள்ளிக்கொண்டு வந்தார். படகில் என்னை ஏற்றிவிட்ட பிறகுதான் ஒன்று சொன்னார்: "கண் போகிற இடத்துக்குத்தான் சக்கரமும் போகும்."

அதனால் பையனை நேராக உபினுக்கு அழைத்து வரவில்லை. அதற்கு முன் மூன்று ஞாயிற்றுக்கிழமைகள் செஸ்நட் இயற்கைப் பூங்காவுக்குக் கூட்டிப்போனேன். 81 ஹெக்டேர் காட்டில் 8.2 கிலோமீட்டர் சைக்கிள் பாதை. நடப்பவர்களுக்குத் தனிப் பாதை இருப்பதால் யார் மீதும் மோதிவிடுவோமோ என்ற பதற்றம் இல்லை. புதிதாகத் தொடங்குகிறவர்கள் அங்கேதான் தொடங்க வேண்டும் என்பேன். இரண்டு பெடலும் ஒரே மட்டத்தில் நிற்க எழுந்து நிற்பது, இறக்கத்தில் இடுப்பைச் சீட்டுக்குப் பின்னால் கொண்டுபோவது, வளைவுக்குள் நுழையும் முன்பே பிரேக் பிடித்து முடிப்பது. இந்த மூன்றைத்தான் அவனுக்குச் சொல்லிக்கொடுத்தேன். உபின் கடைகளில் வாடகைக்குக் கிடைக்கும் சாதாரண சைக்கிள் தீவின் சாலைகளைச் சுற்றப் போதும். கெத்தாமுக்குள் அதைக் கொண்டுபோகாதீர்கள்.

கெத்தாமில் நீலப் பாதையின் மூன்றாவது வளைவில்தான் அந்தக் காட்டுப்பன்றியைப் பார்த்தோம். பதினைந்து அடி தூரம்கூட இருக்காது. மூக்கால் மண்ணைக் கிளறிக்கொண்டிருந்தது. அதன் காலடியில் ஐந்து குட்டிகள், அணிலுக்கு இருப்பதுபோல் உடம்பில் வெளிறிய கோடுகளோடு. பையனின் கை மணியை நோக்கிப் போனது. பிடித்துக்கொண்டேன். குட்டிகளோடு இருக்கும் தாயை அதட்டக் கூடாது, அது ஓட வழியில்லாமலும் செய்துவிடக் கூடாது. இறங்கி, சைக்கிள்களை எங்களுக்கும் அதற்கும் நடுவில் வைத்துக்கொண்டு, ஓரெட்டு ஓரெட்டாகப் பின்வாங்கினோம். தாய்ப்பன்றி தலையைத் தூக்கிக் காற்றை மோந்தது. ஈரமண் ஒட்டிய மூக்கு அசைவது தெரிந்தது.

அந்த நேரம் பார்த்து மேலிருந்து இரண்டு இளைஞர்கள் வேகமாக வந்தார்கள். கையை உயர்த்திக் காட்டினேன். டயர் சரளையில் கீறிக்கொண்டு நின்றார்கள். இருவரும் இரட்டை டைமண்ட் ஓட்டுகிறவர்கள், உடையிலும் சைக்கிளிலுமே தெரிந்தது. நால்வரும் மூன்று நிமிடம் போல மூச்சை அடக்கி நின்றோம். தாய் பாதையைக் கடந்தது. குட்டிகள் வரிசையாகத் தொடர்ந்தன. கடைசிக் குட்டி மட்டும் நடுப்பாதையில் நின்று எங்களைத் திரும்பிப் பார்த்துவிட்டு ஓடியது. அந்த இளைஞர்களில் ஒருவர் பையனின் தலைக்கவசத்தைத் தட்டிக்கொடுத்து, "நன்றாக நின்றாய்" என்றார். அன்று முழுவதும் அவன் முகம் மலர்ந்தே இருந்தது.

பிரிவுப் பலகை வந்ததும் அவனே நிறுத்தினான். "நீங்கள் விழுந்த இடத்தைக் காட்டுங்கள், அத்தை." சைக்கிள்களை ஓரமாகச் சாய்த்துவிட்டு, மேலே யாராவது வருகிறார்களா என்று காது கொடுத்துக் கேட்டபடி பாதையின் விளிம்பில் நடந்தே இறங்கினோம். அந்த வேர் அங்கேயே இருந்தது, டயர்கள் தேய்த்து வழவழவென்று. குனிந்து கட்டைவிரலால் தடவிப் பார்த்தான்.

"இது காய்ந்திருக்கும்போது கூடவா ஓட்டக் கூடாது?"

"நீலத்தில் காலை ஊன்றாமல் ஐந்து சுற்று வா. பிறகு பேசலாம்."

அன்று மூன்று சுற்று வந்தான். கடைசிச் சுற்றில் ஒரே ஒரு முறைதான் கால் தரையைத் தொட்டது. தலைக்கு மேல் இருவாச்சி ஒன்று இறக்கை இரைச்சலோடு பறந்து போனது. அதைப் பார்க்க நிமிர்ந்ததால் ஊன்றிய கால் அது.