14 பேர் குடும்பப் படம்: ஸ்டுடியோவா, கடற்கரையா?

தாத்தாவுக்கு அடுத்த மாதம் சதாபிஷேகம். மொத்தம் 14 பேர், அதில் இரண்டு கைக்குழந்தைகள். ஸ்டுடியோவா, மாமல்லபுரம் கடற்கரையா? என்னிடம் 50 எம்எம் லென்ஸ் இருக்கிறது, போன முறை எஃப் 1.8-இல் (லென்ஸ் துவாரத்தை அகலத் திறந்து) எடுத்து பின்வரிசை முகமெல்லாம் மங்கிப்போனது இன்னும் உறுத்துகிறது.

பதில் 1:
துவாரத்தைச் சுருக்கி எஃப் 8-க்குப் போங்கள், பின்வரிசையும் தெளிவாக வரும்; ஃபோகஸ் முன்வரிசைக் கண்களில். ஸ்டுடியோவின் பின்னணிக் காகிதத் திரை பெரும்பாலும் 9 அடி அகலம்தான், 14 பேர் நெருக்கியடித்து நிற்க வேண்டும். விளக்கைக் கிட்டே வைத்தால் ஒரு ஓரம் வெளுத்து மறு ஓரம் இருண்டுவிடும், நன்றாகத் தள்ளி வையுங்கள்.

பதில் 2:
கடற்கரை என்றால் மாலை 5 மணிக்கு மேல். அங்கே காலையில் சூரியன் கடல் பக்கம் இருப்பதால் கடலைப் பின்னணியாக வைத்தால் முகங்கள் கறுத்துவிடும், மாலையில் வெயில் உங்கள் முதுகுப் பக்கம் வந்து அவர்கள் முகத்தில் மென்மையாக விழும். ஆனால் தாத்தாவை மணலில் நடக்கவிடுவதா? வீட்டு வாசல் நிழலே போதுமே.

பதில் 3:
குழந்தைகளுக்குப் பால் கொடுத்த கையோடு எடுங்கள். 10 படமாவது தொடர்ந்து எடுத்தால்தான் எல்லோர் கண்ணும் திறந்திருக்கும் ஒன்று கிடைக்கும்.

கேட்டவர்:
சரி, வாசலிலேயே எடுக்கிறேன். தாத்தா நாற்காலியில் நடுவில்.