லெம்மியில் வைன் குழு: இருக்கும் சர்வரா, சொந்த சர்வரா?

குவளைநூல்:
வைன் ருசிப்பவர்கள் சுமார் 30 பேர் வாட்ஸப்பில் இருக்கிறோம். சுவைக்குறிப்புகள் அரட்டையில் அடித்துக்கொண்டு போய்விடுகின்றன, பிறகு தேடினால் அகப்படுவதில்லை. ஒரே நிறுவனத்தின் பிடியில் இல்லாத இடம் வேண்டும் என்பதால் லெம்மியை (பலர் தனித்தனியே நடத்தும் சர்வர்கள் ஒன்றோடொன்று இணைந்து இயங்கும் விவாதத் தளம்) யோசிக்கிறோம். பிறர் நடத்தும் சர்வரில் குழு திறக்கலாமா, சொந்தமாக சர்வர் வைக்கலாமா? ஒருவருக்கு லினக்ஸ் நன்றாகத் தெரியும்.

கார்க்திருகி:
இருக்கும் சர்வரிலேயே திறங்கள். 30 பேருக்காக டேட்டாபேஸ், ஸ்பாம் கணக்குகள், படக்கிடங்கு எல்லாவற்றையும் ஒருவர் தலையில் கட்ட வேண்டாம். மது பற்றிப் பேச அந்த சர்வரின் விதி இடம் தருகிறதா என்று முதலில் பாருங்கள். குழுவின் முகவரிப் பெயரை ஆங்கிலச் சிற்றெழுத்தில் வைக்க வேண்டும், பிறகு மாற்ற முடியாது. மேலே காட்டும் பெயர் தமிழில் இருக்கலாம்.

பலரும் தடுக்கி விழும் இடம் அடுத்தது. குழு திறந்த உடனே மற்ற சர்வர்களுக்கு அது தெரிந்துவிடாது. அங்கிருக்கும் யாராவது ஒருவர் ஆச்சரியக்குறியோடு முழு முகவரியை (!குழுப்பெயர்@சர்வர்) தேடிச் சேர்ந்த பிறகுதான் புதுப் பதிவுகள் அந்த சர்வருக்குப் போகும். பழைய பதிவுகளில் கொஞ்சம்தான் போகும். அதனால் 30 பேரும் ஒரே சர்வரில் கணக்குத் திறக்காதீர்கள், நாலைந்து சர்வர்களில் பிரிந்து சேருங்கள்.

ஓக்பீப்பாய்:
நான் சொந்த சர்வர் பக்கம். லெம்மியில் குழுவை ஒரு சர்வரிலிருந்து இன்னொன்றுக்குப் பெயர்த்துக் கொண்டுபோக வழியில்லை. நடத்துபவர் மூடினால் மற்ற சர்வர்களில் உறைந்த நகல்தான் மிஞ்சும். லினக்ஸ் தெரிந்தவர் இருக்கும்போது ஏன் தயக்கம்? டொமைனை, அதாவது சர்வரின் இணையப் பெயரை மட்டும் நிதானமாகத் தேர்ந்தெடுங்கள். ஒவ்வொரு பதிவின் அடையாளத்திலும் அது பதிந்துவிடும், பின்னால் மாற்றினால் இணைப்புகள் அறுந்துவிடும்.

பிரௌசரில் எல்லாம் ஒழுங்காகத் தெரிந்தும் வெளி சர்வரில் குழு அகப்படவில்லையா? முதலில் என்ஜின்எக்ஸ் (சர்வருக்கு வரும் கோரிக்கைகளைப் பிரித்து அனுப்பும் மென்பொருள்) அமைப்பைப் பாருங்கள். ஆக்டிவிட்டி ஜேசான் (சர்வர்கள் தங்களுக்குள் தகவல் பரிமாறும் வடிவம்) கேட்டு வரும் கோரிக்கைகள் லெம்மியின் பின்தளத்துக்குப் போக வேண்டும். மனிதர்கள் பார்க்கும் முகப்புக்குப் போனால் எச்டிஎம்எல் பக்கம்தான் பதிலாகக் கிடைக்கும், எதிர் சர்வருக்கு அது புரியாது. சர்வர் கடிகாரம் பிசகினாலும், அனுப்பியது யார் என்று எதிர் சர்வர் சரிபார்க்கும் கையொப்பச் சோதனை தோற்கும். பல விபிஎஸ் (வாடகை சர்வர்) நிறுவனங்கள் மின்னஞ்சல் போகும் 25ஆம் போர்ட்டை அடைத்து வைத்திருப்பதால், மின்னஞ்சலை வெளிச் சேவை வழியாக 587ஆம் போர்ட்டில் அனுப்புங்கள். கணக்குத் திறப்பை விண்ணப்ப முறையில் வையுங்கள். காப்பு நகல் எடுங்கள்: போஸ்ட்கிரெஸ் டேட்டாபேஸின் டம்ப் (முழு நகல்) தினமும், படங்களைக் கையாளும் பிக்ட்ஆர்எஸின் கோப்புகள் தனியாக.

செந்திராட்சை:
எந்த சர்வரானாலும் மொழி அமைப்பைக் கவனியுங்கள். குழுவுக்குத் தமிழ் மட்டும் தேர்ந்தெடுத்தால், மொழி குறிக்காமல் எழுதுபவரின் பதிவு ஏற்கப்படாது. ‘அன்டிடர்மின்ட்’ (மொழி குறிக்காதது) என்பதையும் சேர்த்துத் தேர்ந்தெடுங்கள்.

தேடினால் கிடைக்க வேண்டும் என்றால் தலைப்பில் தயாரிப்பாளர், திராட்சை வகை, அறுவடை ஆண்டு, வட்டாரம் நான்கும் வேண்டும். குறிப்பில் நிறம், மணம், வாயில் உணர்ந்தது; அவற்றோடு பரிமாறிய வெப்பநிலையும் கட்டாயம். 16 டிகிரியில் சமநிலையாக இருக்கும் சிவப்பு வைன், 30 டிகிரி அறையில் ஆல்கஹால் தூக்கலாகத் தெரியும். ஈர அட்டைப்பெட்டி வாடை அடித்தால் அது பெரும்பாலும் டிசிஏ என்னும் வேதிப்பொருள், கார்க்கிலிருந்து வருவது. அந்த ஒரு பாட்டிலை வைத்துத் தயாரிப்பாளரை எடைபோட வேண்டாம் என்று விதியிலேயே எழுதுங்கள். வாங்கல் விற்றல் பதிவுகளுக்கும் தடை போடுங்கள்.

குவளைநூல்:
நன்றி. மாஸ்டடானில் (ட்விட்டர் போன்ற, பல சர்வர்களில் இயங்கும் தளம்) மட்டும் இருக்கும் நண்பர்கள் கலந்துகொள்ள முடியுமா?

கார்க்திருகி:
முடியும். குழுவின் முகவரியை அட் குறியோடு தேடிப் பின்தொடரட்டும். பதிவில் அதே முகவரியைக் குறிப்பிட்டால் குழுவில் வந்து சேரும். முதல் வரி தலைப்பாகிவிடும் என்பதால் வைனின் பெயரை முதல் வரியிலேயே எழுதச் சொல்லுங்கள்.