ரிட்டுக்சிமாப் போட்ட பிறகும் புரதம் குறையவில்லையே என்று கவலைப்படுவோருக்கு: அப்பாவின் அனுபவம்

பேரணாம்பட்டில் தோல் ஷாப்பில் வேலை பார்த்த என் அப்பாவுக்குக் கால்கள் வீங்கி, சிறுநீர் நுரைத்துப் போகத் தொடங்கியது. ஒரு நாள் முழுவதும் சேர்த்த சிறுநீரைக் கேனில் ஊற்றி, மஞ்சள் பைக்குள் வைத்து, குடியாத்தம் வழியாக வேலூருக்குப் பேருந்தில் எடுத்துச் சென்றோம். சோதனையில் புரதம் 8 கிராமைத் தாண்டியிருந்தது. பயாப்சியில் மெம்பிரனஸ் நெஃப்ரோபதி என்று வந்தது; சிறுநீரக வடிகட்டி பழுதாகிப் புரதம் ஒழுகும் நோய் இது.

அந்த அறிக்கையில் என்னை யோசிக்க வைத்தது, வடிகட்டியான குளோமெருலஸுக்குள் அழற்சி செல்கள் பெரிதாகக் குவியவில்லை என்ற வரிதான். உடலின் தற்காப்பே உடலைத் தாக்கும் லூபஸ் நோயால் வரும் சிறுநீரக அழற்சியின் தீவிர வகைகளில் வெள்ளை அணுக்கள் சிறுநீரகத்துக்குள்ளேயே புகுந்து தாக்குகின்றன. இந்த நோயில் அப்படியில்லை. டி செல்கள் என்ற வெள்ளை அணுக்களின் உதவியோடு, பி செல்கள் என்ற இன்னொரு வகை வெள்ளை அணுக்கள் பிளாஸ்மா செல்களாக மாறி, எலும்பு மஜ்ஜை போன்ற இடங்களில் இருந்தபடியே எதிர்ப்பொருளை (ஆன்டிபாடி) உற்பத்தி செய்கின்றன. அது ரத்தத்தில் மிதந்து வந்து, வடிகட்டியின் சுவரிலுள்ள போடோசைட் செல்களின் மேலுள்ள பி.எல்.ஏ.2.ஆர் புரதத்தைப் பற்றிக்கொள்ள, காம்ப்ளிமென்ட் என்ற தற்காப்பு அமைப்பு தூண்டப்பட்டு வடிகட்டி ஒழுகுகிறது. வேறு காரணம் கண்டறியப்படாத நோயாளிகளில் சுமார் 70 சதவீதத்தினரிடம் இந்த எதிர்ப்பொருள் காணப்படுகிறது. 2009-ல்தான் இது கண்டறியப்பட்டது.

ஹெபடைடிஸ் பி இல்லை என்று உறுதி செய்த பிறகு, இரண்டு வார இடைவெளியில் பி செல்களை அழிக்கும் ரிட்டுக்சிமாப் மருந்தை 1 கிராம் வீதம் இருமுறை ஏற்றினார்கள். அடுத்த சோதனையில் பி செல்கள் ஏறக்குறைய மறைந்திருந்தன, புரதமோ அசையவில்லை. "இவ்வளவு காசு கொட்டியும் கால் வீக்கம் அப்படியே இருக்கே" என்று அப்பா சோர்ந்துவிட்டார். உறவினர் ஒருவர் ஆம்பூரிலிருந்து பற்பம் வாங்கி வந்தார். பாதரசம் கலந்த நாட்டு மருந்துகளே மெம்பிரனஸ் நோயை உண்டாக்கக்கூடும் என்பதால், அவர் முகம் சுளித்தாலும் பரவாயில்லை என்று திருப்பிக் கொடுத்துவிட்டேன்.

மருத்துவர் சிறுநீர்ப் புரதத்தைவிட பி.எல்.ஏ.2.ஆர் எதிர்ப்பொருளின் அளவைத்தான் முதலில் பார்த்தார். அது இறங்கத் தொடங்கியிருந்தது. ரிட்டுக்சிமாப் தேடிச் செல்லும் சிடி20 அடையாளம் பி செல்களில் உண்டு, பிளாஸ்மா செல்களில் கிடையாது. ஆகவே ஏற்கெனவே உருவான பிளாஸ்மா செல்கள் ஓயும்வரை எதிர்ப்பொருள் சுரந்துகொண்டிருக்கலாம். ஏற்கெனவே சுரந்த எதிர்ப்பொருளும் உடனே மறைவதில்லை. ரத்தத்தில் பாதியாகக் குறையவே சுமார் மூன்று வாரம் ஆகும். அதன்பின் போடோசைட்டுகள் சீரடைய மாதக்கணக்கில் பிடிக்கிறது. 130 பேரிடம் நடத்தி 2019-ல் வெளியான மென்டர் ஆய்வில், ரிட்டுக்சிமாப், நோய் எதிர்ப்பை அடக்கும் மற்றொரு மருந்தான சைக்ளோஸ்போரின் இரண்டுக்கும் 12 மாதத்தில் பெரிய வேறுபாடு இல்லை. 24 மாதத்தில்தான் நோய் தணிந்தவர்கள் ரிட்டுக்சிமாப் பெற்றவர்களில் 60 சதவீதம், சைக்ளோஸ்போரின் பெற்றவர்களில் 20 சதவீதம் என்று பிரிந்தார்கள்.

அப்பாவுக்கும் எதிர்ப்பொருள் முதலில் மறைந்தது. புரதம் வெகு தாமதமாகவே 1 கிராமுக்குக் கீழ் வந்தது. அண்மைச் சோதனையில் பி செல்கள் மீண்டும் தலைகாட்டுவதால், பி.எல்.ஏ.2.ஆர் பரிசோதனையை மூன்று மாதத்துக்கு ஒருமுறை எடுக்கச் சொல்லியிருக்கிறார்கள்.