தட்டின் இடது பாதி அப்படியே மிச்சம்: கோளாறு கண்ணிலா, கவனத்திலா?

பாலாற்றங்கரை:
வலது மூளையில் ஸ்ட்ரோக் வந்து மூன்று வாரம் ஆன ஒருவர். பிரியாணி வைத்தால் தட்டின் வலது பாதியை வழித்துச் சாப்பிட்டுவிட்டு, ‘கத்திரிக்காய் வைக்கவே இல்லையே’ என்கிறார். அது இடப்பக்கம் தொடாமல் இருக்கிறது. தட்டைத் திருப்பி வைத்தால் அதையும் சாப்பிடுகிறார். கண் டாக்டரிடம் போகலாமா என்று வீட்டார் கேட்கிறார்கள். ஸ்கேன் ரிப்போர்ட்டில் வலது பெரைட்டல் லோப் (மூளையின் மேல் பின்பகுதி மடல்) என்று போட்டிருக்கிறது. போனது பார்வையா, கவனமா? படுக்கையருகிலேயே எப்படிப் பிரிப்பது?

காட்பாடி ஜங்ஷன்:
கண்ணையும் காட்டுங்கள், தப்பில்லை. இரண்டு கோளாறும் சேர்ந்தே வரலாம். அதற்கு முன் ஒரு ஏ4 தாளும் ஸ்கேலும் போதும்.

தாளைக் குறுக்குவாக்கில் வைத்து 20 செ.மீ. கோடு ஒன்று போடுங்கள். கோட்டின் நடு அவர் மார்பின் நடுவுக்கு நேராக இருக்கட்டும். ‘சரிபாதியில ஒரு வெட்டு போடுங்க’ என்று மட்டும் சொல்லி, நான்கைந்து தாள் செய்யுங்கள். மூளையில் ஒரு குறையும் இல்லாதவருக்கும் சில மி.மீ. பிசகும், பெரும்பாலும் இடப்பக்கமாக. நெக்லெக்ட், அதாவது கண் தெரிந்தும் ஒரு பக்கத்தைக் கவனிக்காமல் விடும் கோளாறு, பலமாக இருந்தால் வெட்டு செ.மீ. கணக்கில் வலப்பக்கம் போகும். வெறும் இடது ஹெமியனோபியா (இரண்டு கண்ணிலும் இடப்பாதிப் பார்வை போவது) என்றால் தலைகீழ்: வெட்டு பார்வை போன இடப்பக்கம் நோக்கியே கொஞ்சம் நகரும்.

இதில் சொதப்புவது பெரும்பாலும் சோதிப்பவர்தான். தாள் நழுவி வலப்பக்கம் போயிருக்கும். அல்லது அவருக்கு இடப்பக்கம் உட்கார்ந்து பேசிக்கொண்டே சோதித்திருப்பார். அந்தக் குரலே கவனத்தை அந்தப் பக்கம் இழுத்துவிடும், ரிசல்ட் நன்றாக வந்த மாதிரி தெரியும். கோட்டின் இடது முனையை விரலால் காட்டிவிட்டாலும் இதே கதைதான். நேர் எதிரே உட்காருங்கள்.

அடுத்தது விரல் அசைப்பு. அவர் உங்கள் மூக்கைப் பார்க்கட்டும். இடப்பக்கம் மட்டும் அசைத்தால் ‘தெரியுது’ என்று சொல்லி, இரண்டு பக்கமும் ஒரே நேரத்தில் அசைத்தால் வலதை மட்டும் சொல்கிறாரா? இதற்கு எக்ஸ்டிங்ஷன் என்று பெயர். சிக்னல் மூளைக்கு வருகிறது, போட்டியில் தோற்கிறது.

ஆரணி நெசவு:
மேலே சொன்னதோடு ஒன்று. வேலூர்க்காரர் என்றால் கண்ணை மூடச் சொல்லி, கோட்டை வாசலில் நின்று உள்ளே பார்ப்பதாக நினைத்து என்னென்ன இருக்கிறது என்று கேளுங்கள். பிறகு உள்ளேயிருந்து வாசலைப் பார்ப்பதாக நினைக்கச் சொல்லுங்கள். 1978இல் பிசியாக், லுசாட்டி என்ற ஆய்வாளர்கள் இத்தாலியின் மிலன் நகரின் கதீட்ரல் சதுக்கத்தை வைத்துச் செய்தது இதுதான். எந்தத் திசையில் நின்றாலும் நோயாளிகள் இடப்பக்கத்தை விட்டார்கள். முதல் முறை விட்டுப்போன கட்டடங்கள், திசை மாறியதும் வரிசையாக வந்தன. நினைவு அழியவில்லை, கண்ணுக்கும் இதில் வேலை இல்லை. நெக்லெக்ட் உள்ள எல்லோருக்கும் இப்படி வராது என்பதால், சரியாகச் சொல்லிவிட்டார் என்று வைத்து ‘ஒன்றுமில்லை’ என எழுதிவிடாதீர்கள்.

பாலாற்றங்கரை:
அப்படியானால் கவனம் வலது மூளையில் மட்டும்தானா? இடது மூளையில் அடி பட்டவர்கள் வலப்பக்கத்தை இவ்வளவு விடுவதில்லையே.

ஆரணி நெசவு:
பரவலாக ஏற்கப்படும் விளக்கம்: இடது அரைக்கோளம் பெரும்பாலும் வலப்பக்கத்தைத்தான் கவனிக்கிறது, வலது அரைக்கோளம் இரண்டு பக்கத்தையும். இடது போனால் வலது ஈடுகட்டும். வலது போனால் இடப்பக்கத்துக்கு ஆள் இல்லை. பெரைட்டல் லோபின் கீழ்ப்பகுதியும் அது டெம்போரலோடு (காதுப் பக்கத்து மடல்) சேரும் இடமும் முக்கியம். ஆனால் முன்மடலில், மூளையின் ஆழத்தில் இருக்கும் தலாமஸில் அடிபட்டாலும் நெக்லெக்ட் வரும். கவனம் ஒரு இடத்தில் உட்கார்ந்திருப்பதில்லை, அது ஒரு வலை.

குடியாத்தம் கமலம்:
விட்டது காணாமல் போய்விடுவதில்லை, அதையும் சேர்க்கிறேன். 1988இல் மார்ஷல், ஹாலிகன் என்ற ஆய்வாளர்கள் நெக்லெக்ட் உள்ள ஒரு நோயாளிக்கு இரண்டு வீட்டுப் படம் காட்டினார்கள். ஒன்றின் இடப்பக்கம் தீ எரிகிறது. ‘ரெண்டும் ஒண்ணுதான்’ என்றார். எதில் குடியிருப்பீர்கள் என்றால் பெரும்பாலும் எரியாத வீட்டையே தேர்ந்தார். மூளை தீயைக் கணக்கில் எடுத்திருக்கிறது, அவருக்குத் தகவல் வரவில்லை! விழிப்பு வேறு, விழிப்பில் என்ன தெரிகிறது என்பது வேறு. விழிப்பை மூளைத்தண்டு தாங்குகிறது.

வீட்டாருக்கு: தண்ணீர், கூப்பிடும் மணி, போன் மூன்றும் வலப்பக்கம் இருக்கட்டும். பேசப் போகிறவர்கள் இடப்பக்கமாக வரட்டும். எல்லாவற்றையும் இடப்பக்கம் வைத்தால் பயிற்சி ஆகும் என்று தாகத்தோடு படுக்கவைப்பது வேண்டாம். தட்டின் இடது ஓரத்தில் பளிச்சென்று சிவப்பு டேப் ஒட்டி, ‘சிவப்பு தெரியற வரைக்கும் தேடுங்க’ என்று சொல்லுங்கள். சாப்பிட்டதும் இடது கன்னத்தில் சோறு தங்கியிருக்கிறதா பாருங்கள், புரையேறும். வீல்சேரில் இடது கை சக்கரத்துக்குள் தொங்கும், மடியில் எடுத்து வையுங்கள். நடக்க ஆரம்பித்த பிறகும் ரோடு கடக்கத் தனியே விடாதீர்கள். முதல் பாதியில் வண்டி வலப்பக்கமிருந்து வரும், சமாளித்துவிடுவார். நடுவைத் தாண்டியதும் வண்டி வருவது இடப்பக்கமிருந்து.