வீட்டுக்கடன் வட்டி முழுதும் ரீஃபண்டில் திரும்பி வருமா?

புதுவீட்டுக்காரன்:
அமெரிக்காவில் 2025 செப்டம்பரில் முதல் வீடு வாங்கினோம். கடன் 420,000 டாலர், வட்டி 6.5%. வருடக் கடைசி வரை சுமார் 9,000 வட்டி கட்டியதாக வங்கியின் 1098 படிவம் சொல்கிறது. வீடு வாங்கினால் வரி நிறைய மிச்சம் என்று ஆபீஸில் எல்லோரும் சொன்னார்கள், ஆனால் வரி தாக்கல் மென்பொருளில் அந்த எண்ணைப் போட்டால் ரீஃபண்ட் ஒரு டாலர்கூட நகரவில்லை. எங்கே தப்பு? (கணவன் மனைவி சேர்ந்து தாக்கல் செய்கிறோம்.)

பழைய கணக்கன்:
தப்பே இல்லை. வட்டி என்பது டிடக்‌ஷன், வரி போடும் வருமானத்தைத்தான் குறைக்கும், வரியையே நேராகக் குறைப்பது கிரெடிட். தவிர, கணக்கே கேட்காமல் தம்பதிக்கு 2025க்கு 31,500 டாலர் ஸ்டாண்டர்ட் டிடக்‌ஷன் கொடுத்துவிடுகிறார்கள். உங்கள் வட்டி, வீட்டு வரி, மாநில வருமான வரி, நன்கொடை எல்லாம் சேர்ந்து அதைத் தாண்டினால்தான் ஐட்டமைஸ் செய்து (அதாவது அதை விட்டுவிட்டு, செலவுகளை ஒவ்வொன்றாகப் பட்டியல் போட்டுக் கழித்து) பிரயோஜனம். நாலு மாத வட்டியில் எப்படித் தாண்டும்?

2026ஐப் பாருங்கள். முழு வருட வட்டி ஏறக்குறைய 27,000, வீட்டு வரியும் மாநில வரியும் சேர்ந்து 13,500 என்று வைத்தால் 40,500. அந்த வருட ஸ்டாண்டர்ட் 32,200. கூடுதல் 8,300, நீங்கள் 22% வரி அடுக்கில் இருந்தால் மிச்சம் 1,800 சொச்சம். 27,000 வட்டி கட்டி 1,800 மிச்சம் பிடிப்பதைத்தான் ஆபீஸில் பெருமையாகச் சொல்கிறார்கள்!

மொட்டைமாடி:
ஒன்று சேர்த்துக்கொள்ளுங்கள், எஸ்க்ரோவில் (வீட்டு வரி, இன்ஷூரன்ஸ் கட்ட கடன் தவணையோடு வங்கி வாங்கி வைக்கும் கணக்கு) மாதாமாதம் பிடித்த தொகையை வீட்டு வரியாகக் காட்டக்கூடாது, அதிலிருந்து கவுண்டிக்கு உண்மையில் போன தொகைதான் கணக்கு. எங்கள் முதல் வருடத்தில் அதில்தான் கோட்டை விட்டேன், அப்புறம் திருத்திய படிவம் அனுப்ப வேண்டியதாயிற்று. வீட்டு இன்ஷூரன்ஸ், ஹெச்.ஓ.ஏ. (வீட்டு உரிமையாளர் சங்கம்) கட்டணம் இரண்டும் குடியிருக்கும் வீட்டுக்குக் கழியாது.

புதுவீட்டுக்காரன்:
சரி, புரிந்தது. சோலார் போட்டால் 30% கிரெடிட் என்று ஒருவர் வாசலுக்கே வந்து சொன்னாரே?

பழைய கணக்கன்:
நம் சொந்தக் காசில் போடும் சோலாருக்கு அந்தக் கிரெடிட் 2025 டிசம்பர் 31ஓடு முடிந்தது. டிசம்பரில் பணம் கட்டி ஜனவரியில் பொருத்தினாலும் கிடையாது. அவர் பழைய நோட்டீஸை வைத்துக்கொண்டு சுற்றுகிறார், கையெழுத்துப் போட்டுவிடாதீர்கள்.