ஏஇஎஸ் சைட் விசிட்டுக்கு முதல் முறை போகிறேன், எதைக் கவனிப்பது?

ஹெட்போன்வாசி:
வணக்கம். ஆடியோ இன்ஜினியரிங் சொசைட்டியின் உள்ளூர் கிளையில் சேர்ந்து இரண்டு மாதம் ஆகிறது. இதுவரை ஒரே ஒரு கூட்டத்துக்குத்தான் போனேன். தலைப்பு லவுட்னெஸ். மைனஸ் 23 எல்யூஎஃப்எஸ் (காதுக்குக் கேட்கிற சத்தத்தை அளக்கும் அலகு) என்பது வரை புரிந்தது, அதற்கப்புறம் தலையை மட்டும் ஆட்டிக்கொண்டிருந்தேன். அடுத்த மாதம் ஒரு பெரிய கச்சேரி அரங்கைச் சுற்றிக் காட்டுகிறார்களாம். நான் வீட்டில் உட்கார்ந்து பாட்காஸ்ட் எடிட் செய்கிற ஆள், மேடை மிக்சரைத் தொட்டதே இல்லை. போனால் ஏதாவது பயன் இருக்குமா? கையில் என்ன கொண்டுபோகலாம்?

ஃபேடர்:
தாராளமாகப் போங்கள். நோட்டு, பேனா போதும். போட்டோ எடுப்பதற்கு முன் கேட்டுவிடுங்கள். போனில் இருக்கும் டெசிபெல் ஆப்பை நம்பி அங்கே யாரிடமும் வாதம் செய்யாதீர்கள்.

பழைய கேபிள்:
பதினைந்து வருடமாக இந்த விசிட்களுக்குப் போகிறேன். முதல் நான்கைந்தை வீணடித்தேன். என்ன கன்சோல், எத்தனை சேனல், எந்த கம்பெனி ஸ்பீக்கர் என்று பக்கம் பக்கமாக எழுதிக்கொண்டு வந்தேன். அதெல்லாம் வீட்டிலிருந்தே தேடி எடுக்கக்கூடிய சரக்கு. அந்த இடத்தின் சத்தம் அங்கே போனால்தான் கிடைக்கும்.

அதனால் கொஞ்சம் முன்னாலேயே போய்விடுங்கள். கூட்டம் சேர்ந்து பேச ஆரம்பித்துவிட்டால் ஒன்றும் கேட்காது. அரங்கின் நடுவில் போய்ச் சும்மா நில்லுங்கள். ஏசி இரைச்சலைக் காது தேடும். நல்ல அரங்கில் அது சுலபத்தில் சிக்காது. குழாயை அகலமாக்கிக் காற்றை மெதுவாக விட்டிருப்பார்கள். அப்புறம் ஒரே ஒரு கைதட்டு. எதிரெதிர்ச் சுவர்கள் வழவழவென்று இணையாக இருந்தால் ‘டிர்ர்ர்’ என்று ஒரு நடுக்கம் வரும். ஃப்ளட்டர் எக்கோ என்பது அதுதான். பால்கனிக்கு அடியில் போய் இன்னொரு தட்டு. நடுவில் கேட்ட முழக்கம் அங்கே சுருங்கிப்போயிருக்கும்.

தட்டும் முன் அனுமதி கேளுங்கள். ஒரு ஸ்டுடியோ விசிட்டில் இரட்டைக் கதவின் உள்கதவு சாத்தாமல் இருந்ததை நான் பார்க்கவில்லை, சிவப்பு விளக்கையும் பார்க்கவில்லை. தட்டினேன். ஒலிப்பதிவில் ஒரு முழு டேக் போயிற்று. வயலின்காரர் வில்லை இறக்கிவிட்டுக் கண்ணாடி வழியாக என்னைப் பார்த்த பார்வை இருக்கிறதே!

சுற்றிக் காட்டுகிறவரைவிட, தினமும் அங்கே கேபிள் சுருட்டுகிற டெக்னீஷியனிடம் ஒட்டிக்கொள்ளுங்கள். பால்கனி அடி ஸ்பீக்கருக்கு எத்தனை மில்லி செகண்ட் டிலே, அதாவது தாமதம், வைத்திருக்கிறார் என்று கேளுங்கள். ஒலி நொடிக்குச் சுமார் 343 மீட்டர் போகிறது. மேடை ஸ்பீக்கர் 24 மீட்டர் முன்னால் இருந்தால், அந்தச் சத்தம் வந்து சேர 70 மில்லி செகண்ட் ஆகும். ஆனால் அவர் 80, 85 என்று ஏதாவது சொல்வார். முதலில் வந்த சத்தம் எந்தப் பக்கமோ, அந்தப் பக்கத்தைத்தான் காது நம்பும். சற்றுப் பின்னால் வருவது பலத்தை மட்டும் கூட்டும். பாடகர் மேடையிலிருந்தே பாடுவதுபோல் இருக்கும். இதை ஹாஸ் எஃபெக்ட் என்பார்கள்.

பேட்ச் பேயில், அதாவது கேபிள்களைச் செருகி இணைக்கிற பலகையில், ஒட்டியிருக்கும் டேப்புகளையும் படியுங்கள். ஓரிடத்தில் ‘14: உறுமும், தொடாதே’ என்று எழுதியிருந்தது. ஏன் என்று கேட்டேன். இரண்டு முனைகளும் வெவ்வேறு இடத்தில் எர்த் ஆகியிருந்த கதையை அரை மணி நேரம் சொன்னார். கிரவுண்ட் லூப் எனக்கு அன்றுதான் புரிந்தது.

ஹெட்போன்வாசி:
அருமை, நன்றி. ஒரு சந்தேகம். காலி அரங்கில் கேட்டு என்ன தெரியும்? ஆள் நிறைந்தால் எல்லாம் மாறிவிடாதா?

பழைய கேபிள்:
மாறும். அந்த மாற்றத்தை அளந்து பார்த்ததில்தான் அரங்க ஒலியியல் என்ற துறையே பிறந்தது. 1895-ல் ஹார்வர்டில் ஒரு விரிவுரைக் கூடத்தில் பேச்சே புரியவில்லை. ஒரு சொல் அடங்க ஐந்தரை வினாடி ஆனது. வாலஸ் சபைன் என்ற இளம் பேராசிரியரைச் சரிசெய்யச் சொன்னார்கள். அவர் பக்கத்து அரங்கிலிருந்து இருக்கை மெத்தைகளை இரவில் தூக்கி வந்து பரப்பி, ஆர்கன் குழாயை ஊதி, சத்தம் அடங்கும் நேரத்தைக் காதாலேயே கேட்டு அளந்தார். விடிவதற்குள் மெத்தைகளைத் திருப்பி வைத்துவிட வேண்டும்! அதிலிருந்து வந்ததுதான் ரிவெர்பை, அதாவது சத்தம் அடங்கும் நேரத்தை, கணக்கிடும் சூத்திரம்: அரங்கின் கன அளவை 0.161-ஆல் பெருக்கி, ஒலியை உறிஞ்சும் பரப்பால் வகுக்க வேண்டும். 12,000 கன மீட்டர் அரங்கில் 2 வினாடி ரிவெர்ப் வேண்டுமென்றால் உறிஞ்சும் பரப்பு 966 சதுர மீட்டர் இருக்க வேண்டும். அதில் பெரும்பங்கு ஆட்களும் நாற்காலிகளும்தான். அதனால்தான் காலி நாற்காலியும் கிட்டத்தட்ட ஓர் ஆள் அளவுக்கு உறிஞ்சும்படி மெத்தை வைக்கிறார்கள். விசிட்டில் ஒரு நாற்காலியை மடக்கி அடிப்பக்கத்தைத் தடவிப் பாருங்கள், சிலவற்றில் துளைகள் இருக்கும்.

ஹெட்போன்வாசி:
இப்போதே என் எடிட்டிங் அறையில் எழுந்து நின்று தட்டினேன். டிர்ர்ர்.

பழைய கேபிள்:
ஒரு பக்கச் சுவரில் புத்தக அலமாரியை வைத்து, புத்தகங்களை முன்னும் பின்னுமாக அடுக்குங்கள். பிறகு தட்டிவிட்டுச் சொல்லுங்கள்.