புதுப்பிப்பு: மதுரை–துபாய் கணக்கில் ஏறக்குறைய ஒரு மணி நேரம் எங்கே போனது?

போன பதிவில் மதுரை–துபாய் தூரத்தை மணிக்கு 900 கி.மீ.யால் வகுத்து மூன்றேகால் மணி நேரம் என்று போட்டிருந்தேன். டிக்கெட்டில் நாலு மணி நேரத்துக்கு மேல் காட்டுதே என்று கேட்டிருந்தீர்கள். கேட்டது நியாயம்தான்.

தூரம் சரி. மதுரை 9.83 டிகிரி வடக்கு, 78.09 டிகிரி கிழக்கு, துபாய் 25.25 வடக்கு, 55.37 கிழக்கு. பூமியின் வளைவோடு கணக்கிட்டால் சுமார் 2,950 கி.மீ. எக்செல்லில் போட்டு ஏடாகூடமான எண் வந்தால், பெரும்பாலும் டிகிரியை ரேடியனாக (கோணத்தை அளக்கும் இன்னொரு அலகு; எக்செல் அதில்தான் கேட்கும்) மாற்றாமல் விட்டிருப்பீர்கள்.

தப்பு 900-ல்தான். போயிங் 737 மேலே நிலையாகப் பறப்பதே ஏறக்குறைய 830, 840 தான். அதுவே மூன்றரை மணி நேரம். டிக்கெட் நேரமோ விமானம் இங்கே நிறுத்துமிடத்திலிருந்து நகர்வதில் தொடங்கி துபாயில் போய் நிற்கும்வரை. ஓடுபாதைக்கு ஊர்ந்து போவது, மெதுவாக ஏறி இறங்குவது, துபாயில் இறங்க வரிசையில் சுற்றுவது எல்லாம் அதற்குள் அடக்கம்.

காற்று வேறு. குளிர்காலத்தில் மேற்கிலிருந்து அடிப்பதால் போகும்போது இழுக்கும், திரும்பும்போது தள்ளும். தென்மேற்குப் பருவமழைக் காலத்தில் நம் தலைக்கு மேலே உயரத்தில் கிழக்குக் காற்று; அப்போது நம்மூர்ப் பக்கத்துப் பாதையில் கதை தலைகீழ்.

இன்னொன்று, கடிகாரம். துபாய் நம்மைவிட ஒன்றரை மணி நேரம் பின்னால். மதியம் 12:00-க்குக் கிளம்பி பயணம் 4 மணி நேரம் 10 நிமிடம் பிடித்தால் டிக்கெட்டில் 14:40 என்றிருக்கும். இரண்டு மணி நேரம் 40 நிமிடப் பயணம் என்று நினைத்துவிடாதீர்கள்.